மினி டிராக்டருக்குச் சங்கிலி: செம்பனைத் தோட்டத்தில் எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது

டயர் சங்கிலி விற்கிறவர்கள் காட்டும் படங்களில் எல்லாம் பனிதான் இருக்கும். ஜொகூரில் குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் அதே சங்கிலியைச் சேற்றுக்குப் போடுகிறோம். பனியில் சங்கிலி மேற்பரப்பைக் கடித்தாலே போதும். சேற்றில் அது மேலே இருக்கும் குழம்பை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அடியில் இருக்கிற கெட்டி மண்ணைப் பிடிக்க வேண்டும். அடியில் கெட்டி மண் இல்லாவிட்டால் அது தோண்டிக்கொண்டே போகும், டிராக்டரின் வயிறு தரை தட்டுகிற வரைக்கும். அதனால் எந்தச் சங்கிலி வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், எந்த மண்ணில் ஓடப்போகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் மண்

12 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையில் குறுக்காக ஒரு கைப்பிடி வெல்டிங் செய்துகொள்ளுங்கள். மழை விட்ட மறுநாள் காலையில், டிராக்டர் வழக்கமாகத் திணறும் இடங்களில் அதைக் கையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். 15, 20 சென்டிமீட்டருக்குள் கம்பி நின்றுவிட்டால் அது சங்கிலிக்கு ஏற்ற இடம். 40 சென்டிமீட்டருக்கும் கீழே தடையில்லாமல் இறங்கினால் அங்கே சங்கிலி உதவாது. மினி டிராக்டர்களின் அடி இடைவெளி பெரும்பாலும் 35 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சக்கரம் அந்த ஆழத்துக்குப் போய்விட்டால் முன் அச்சும் கியர் பெட்டியும் மண்ணில் உட்கார்ந்துவிடும். அதன்பின் சக்கரம் எவ்வளவு பிடித்தாலும் வண்டி நகராது.

இந்தப் பக்கத்து மேட்டு நிலம் பெரும்பாலும் கருங்கல் சிதைந்து உண்டான மண். மண் ஆய்வாளர்கள் ரெங்கம் வகை என்று ஊர்ப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். மேலே வழுக்கும், அடி கெட்டியாக இருக்கும், தண்ணீர் சீக்கிரம் வடியும். சங்கிலிக்கு இதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது. அதே தோட்டத்தில் இரண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் வேறு கதை. மேட்டிலிருந்து கரைந்து வந்த மண்ணெல்லாம் அங்கேதான் தங்குகிறது, கம்பி சரசரவென்று இறங்கும். அந்த இடத்துக்குச் சங்கிலி வாங்குவதைவிட, கானை (வடிகாலை) தூர் வாரித் தண்ணீரை வடியவிட்டு, இரண்டு லோரி கல் கொட்டுவது மேல்.

பத்து பஹாட், பொந்தியான் பக்கத்துக் கரி மண்ணில் (செடிகொடி மட்கி உண்டான சதுப்பு மண், பீட்) சங்கிலியே வேண்டாம். அந்த மண்ணில் வண்டியைத் தாங்குவது மேலே இருக்கும் வேர்ப் பின்னல்தான். சங்கிலி அதை அறுத்துவிட்டால் அடியில் பிடிக்க ஒன்றும் கிடையாது. அங்கே தேவைப்படுவது அகலமான டயர் அல்லது ரப்பர் பட்டை வண்டி. கடலோரக் களிமண்ணில் நிலைமை இரண்டுக்கும் நடுவில். களி டயர்ப் பல்லுக்குள் அப்பி இறுகும்போது சங்கிலி அதை உடைத்துத் தள்ளும், ஆனால் ஒரே தடத்தில் நாலு முறை போனால் தடம் வாய்க்காலாகிவிடும்.

எந்தச் சங்கிலி

மலிவாகக் கிடைப்பது ஏணிச் சங்கிலி. டயரின் இரு பக்கமும் ஒவ்வொரு பக்கச் சங்கிலி, நடுவில் ஏணிப் படி மாதிரி குறுக்குச் சங்கிலிகள். புல்வெளி டயருக்கும், கட்டைப் பல் வைத்த இன்டஸ்ட்ரியல் டயருக்கும் இது சரிப்படும். ஆனால் தோட்டத்து மினி டிராக்டர் பலவற்றின் பின்னால் இருப்பது ஆர்-1 டயர், அதாவது உயரமான சாய்வுப் பல் வைத்த விவசாய டயர். அதில் ஏணிச் சங்கிலியைப் போட்டால் குறுக்குச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக நழுவிப் பல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் போய் விழுந்துவிடும். பல் வெளியே, சங்கிலி உள்ளே. சங்கிலி இருந்தும் இல்லாத மாதிரிதான். போதாததற்கு மண் வெளியேறும் வழியையும் அது அடைத்துக்கொள்ளும்.

ஆர்-1 டயருக்கு வேண்டியது வைரப் பின்னல் அல்லது எச் வடிவப் பின்னல். இவற்றில் குறுக்குச் சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கண்ணிகள் டயர் முகத்தைச் சுற்றி ஓடும், அதனால் எதுவும் பள்ளத்தில் விழாது. விலை கூடத்தான். ஆனாலும் ஆர்-1 டயருக்கு ஏணிச் சங்கிலி வாங்குவது வீண் செலவு.

குறுக்குக் கண்ணியின் மேல் கூர்மையான இரும்புத் துண்டு பற்றவைத்து வரும் வி-பார் சங்கிலியைக் கடைக்காரர் உயர்ந்த ரகம் என்று காட்டலாம். அது பனிக்கட்டியைக் குத்திப் பிடிப்பதற்காகச் செய்தது. நமக்கு அது செம்பனையின் வேரை அறுக்கும், தோட்டத்துக் கல் சாலையைப் பெயர்க்கும், வேறு பயன் இல்லை. செம்பனைக்குத் தண்ணீரும் உரமும் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் அடர்ந்து கிடக்கின்றன. சாதாரணச் சங்கிலியே அவற்றைக் காயப்படுத்தும், கூர் வைத்தது கேட்கவே வேண்டாம்.

அளவை டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். 11.2-24, 12.4-24 போல இருக்கும். டிராக்டரின் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடல் இரண்டு மூன்று டயர் அளவில் வருகிறது, பழைய வண்டியில் டயர் மாறியும் இருக்கும்.

டவுன் பட்டறையில் செய்து வாங்குவதானால் நீங்களே அளந்து கொடுங்கள். 12.4-24 டயரின் வெளிச்சுற்று ஏறத்தாழ 3.6 மீட்டர், தேய்ந்த டயரில் குறையும். ஒரு கயிற்றை எடுத்து டயர் தோளிலிருந்து 7, 8 சென்டிமீட்டர் கீழே பக்கச் சுவரில் வைத்து, முகத்தின் மேல் கொண்டுபோய், மறுபக்கம் அதே அளவு கீழே வரை அளந்தால் குறுக்குச் சங்கிலியின் நீளம் கிடைக்கும். குறுக்குச் சங்கிலிகளுக்கு நடுவே 15 சென்டிமீட்டர் விட்டால் ஒரு டயருக்கு 24 வரும். அவற்றை டயர் முகத்தில் இரண்டு வரிசை இணைப்புக் கண்ணிகளால் கட்டச் சொல்லுங்கள், எச் பின்னல் கிடைத்துவிடும். 8 மில்லிமீட்டர் கண்ணி போதும், 10 போட்டால் எடையும் இடிபாடும் கூடும். இரும்புக் கடையில் கிலோ கணக்கில் விற்கும் சாதாரண நாகமுலாம் சங்கிலி ஒரு மழைக்காலத்திலேயே நீண்டு தளர்ந்துவிடும். கிரேடு 80 என்று கண்ணியில் பொறித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதை வெல்டிங் செய்து இணைக்க விடாதீர்கள். கடினப்படுத்திய எஃகு வெல்டிங் சூட்டில் தன் பதத்தை இழந்து, ஒட்டுக்குப் பக்கத்திலேயே உடையும். இணைப்பெல்லாம் அதே தரத்து ஷேக்கிள் அல்லது ஒட்டுக் கண்ணியால் இருக்கட்டும்.

ஒரே ஜோடிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் அது பின் சக்கரங்களுக்கு. பழக்குலை ஏற்றிய டிரெய்லரின் கொக்கிப் பாரம் அங்கேதான் இறங்குகிறது. ஒரு சக்கரத்துக்கு மட்டும் போடுவது கூடவே கூடாது. சங்கிலி இல்லாத சக்கரம் சும்மா சுற்றும். இரு பின் சக்கரத்தையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃப் லாக்கைப் போட்டால் முழு இழுவையும் ஒரு பக்கத்து அரை அச்சில் போய் விழும். முன் சக்கரத்துக்குப் போட நினைத்தால் முதலில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள், சில மாடல்களுக்கு அது தடை. அனுமதி இருந்தாலும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துச் சங்கிலி எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

இடைவெளி

சங்கிலி வாங்கி வந்து, மாட்டி, முதல் வளைவிலேயே மட்கார்டைக் கிழிப்பது சாதாரணமாக நடக்கிறது. டயருக்கும் அதைச் சுற்றியிருப்பவற்றுக்கும் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் வேண்டும், 7 இருந்தால் நிம்மதி. பார்க்க வேண்டிய இடங்கள்: மட்கார்டின் உள்பக்கம், பாதுகாப்புச் சட்டத்தின் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தின்) கால், பிரேக் கம்பி, ஹைட்ராலிக் குழாய், பின் விளக்கின் ஒயர், பின்னால் கருவிகளை மாட்டும் மூன்று முனை இணைப்பின் கீழ்க் கைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் பக்கச் சங்கிலிகளும். கீழ்க் கையை முழுதாகத் தூக்கி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை பாருங்கள். தூக்கும்போது அவை உள்ளும் வெளியும் ஆடும்.

இடம் போதாவிட்டால் சக்கரங்களை வெளியே தள்ளலாம். பல மினி டிராக்டர்களில் சக்கரத் தட்டு ஒரு பக்கம் குழிந்திருக்கும். வலது சக்கரத்தை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும் மாற்றிப் போட்டால் குழிவு திரும்பி அகலம் கூடும். பக்கம் மாற்றாமல் அதே சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் டயர்ப் பல் தலைகீழாகிவிடும், மண்ணை வெளியே தள்ளாமல் உள்ளே அள்ளும். நட்டுகளைக் கையேட்டில் இருக்கும் முறுக்கு அளவுக்கு இறுக்கி, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி பாருங்கள். அகலம் கூடினால் மேட்டு வெட்டுப் பாதையில் வெளிச்சக்கரம் விளிம்புக்கு அருகே போகும் என்பதை ஓட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாட்டுவது

இரண்டு ஆள், கெட்டித் தரை, டிரெய்லரைக் கழற்றிய வண்டி. ஸ்டோர் முன்னால் இருக்கும் சிமெண்டுத் தரை போதும். சேற்றில் புதைந்த பிறகு சங்கிலி மாட்டலாம் என்று ஓரத்தில் வைத்துக்கொண்டு போவது நடக்காத காரியம்.

சங்கிலியைத் தரையில் முழுதாக விரித்து, முறுக்கு இருந்தால் நீக்குங்கள். ஒரு கண்ணி முறுக்கினாலும் அது டயரைக் கத்தி போல அறுக்கும், இறுக்கமும் வராது. குறுக்குச் சங்கிலியின் முனைக் கொக்கிகளில் வாய் திறந்த பக்கம் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். இறுக்கும் நெம்புகோல் இருக்கும் பக்கம் வெளிப்பக்கம்.

டயர்க் காற்றைச் சரியான அளவில் வையுங்கள். மினி டிராக்டரின் பின் டயர்கள் பெரும்பாலும் 12 முதல் 20 பிஎஸ்ஐக்குள் ஓடுபவை. உங்கள் டயருக்கு உள்ள எண் கையேட்டில் இருக்கும். காற்றை இறக்கிவிட்டால் பிடிப்பு கூடும் என்ற எண்ணத்தில் அதற்குக் கீழே போனால் வேறொரு சிக்கல் வரும். சங்கிலி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ரிம் மட்டும் டயருக்குள் வழுக்கிச் சுற்றும். டியூப் வைத்த டயரில் வால்வு பிய்ந்து வந்துவிடும். டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்தால், கோடு விலகியதைப் பார்த்தே வழுக்கியதைத் தெரிந்துகொள்ளலாம்.

பின் சக்கரச் சங்கிலி கனமானது, ஒரே ஆள் தூக்கிப் போட முயன்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சக்கரத்தையே வேலை வாங்குங்கள். விரித்த சங்கிலியை டயருக்கு முன்னால் நேராக வைத்து, அதன் டயர்ப் பக்கத்து முனையைக் கயிற்றால் டயர்ப் பல்லில் கட்டிவிடுங்கள். மற்றவர் மிக மெதுவான கியரில் வண்டியைப் பின்னால் எடுக்கட்டும். சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போது அதன் முன்பக்கம் மேலேறும், சங்கிலியும் கூடவே ஏறி டயர் மேல் படியும். முனை உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கியதும் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்த பிறகுதான் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை போக வேண்டும். கயிற்றை அவிழ்த்து, இரு முனையும் அச்சு உயரத்தில் சந்திக்கும்படி இழுத்துச் சரிசெய்யுங்கள். எட்டாவிட்டால் அரை மீட்டர் நகர்த்திக்கொள்ளலாம்.

உள்பக்கத்தை முதலில் மாட்டுங்கள், முடிந்த அளவு இறுக்கமான கண்ணியில். பிறகு வெளிப்பக்கத்தை நெம்புகோலால் இழுத்து மாட்டுங்கள். உள்ளே இரண்டு கண்ணி மிச்சமானால் வெளியேயும் இரண்டுதான் மிச்சமாக வேண்டும். ஒரு பக்கம் கூடினால் சங்கிலி மெல்ல மெல்ல அந்தப் பக்கமாக நகர்ந்து, ஒரு நாள் டயரை விட்டே இறங்கிவிடும்.

50 மீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி இறுக்குங்கள். முதல் இறுக்கம் எப்போதும் பொய். பத்து நிமிட வேலைக்குப் பிறகு இன்னொரு முறை. டயர் உச்சியில் சங்கிலியைக் கையால் தூக்கினால் இரண்டு விரல் கனத்துக்கு எழும்ப வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் மட்கார்டில் அடிக்கும். துளிகூட அசையாமல் இறுக்கினால் டயர் ஒரே இடத்தில் தேயும், மண்ணும் உதிராது. சங்கிலி டயரைச் சுற்றி மெதுவாக ஊர்ந்துகொண்டே இருப்பதால்தான் அப்பிய மண் விழுகிறது.

மிச்சக் கண்ணிகளைத் தொங்கவிடாதீர்கள், கம்பியால் பக்கச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டுங்கள். வெளிப்பக்கத்தில் போடும் ரப்பர் வளைய இழுவை நம் வெயிலில் சீக்கிரம் வெடித்துப்போகும். பழைய லோரி டியூபைப் பட்டையாக வெட்டி, இரு முனையிலும் எஸ் கொக்கி வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களை ரிம்மின் குறுக்கே இழுத்துக் கட்டினால் காசு செலவில்லாமல் அதே வேலை நடக்கும். நான்கு பட்டை போதும்.

ஓட்டுவது

தாழ்ந்த ரேஞ்ச், முதல் அல்லது இரண்டாவது கியர், சீரான எஞ்சின் ஓட்டம். சேற்றைப் பார்த்ததும் மிதிப்பதும், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் இன்னும் மிதிப்பதும்தான் சங்கிலியையும் அச்சையும் கொல்லும் பழக்கம். சும்மா சுற்றும் சங்கிலி ஒரு கல்லையோ வேரையோ பட்டென்று பிடிக்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் அரை அச்சுக்கும் சக்கரத்தைச் சுழற்றும் கடைசிப் பற்சக்கரங்களுக்கும் போகிறது. சங்கிலி இல்லாத டயர் வழுக்கி அந்த அடியை விழுங்கியிருக்கும்.

நான்கு சக்கர ஓட்டத்தைச் சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்பே போடுங்கள். காய்ந்த செம்மண் சாலைக்கும் தாருக்கும் வந்ததும் எடுத்துவிடுங்கள். இந்த வண்டிகளில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாக ஓடும்படி கியர் அமைத்திருப்பார்கள். பின்னால் சங்கிலி போட்டதும் அந்தக் கணக்கு மாறுகிறது. 58 சென்டிமீட்டர் ஆரம் உள்ள சக்கரத்துக்குச் சங்கிலி ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் ஏறத்தாழ 1.7 சதவீத வித்தியாசம். சேற்றில் அது தெரியாது. கெட்டித் தரையில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். டிஃப் லாக் நேர் ஓட்டத்துக்கு மட்டும், வளைவுக்கு முன்னால் விட்டுவிட வேண்டும்.

இறக்கத்தில் மட்டும் இந்த விதி சற்று மாறும். மினி டிராக்டரின் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. நான்கு சக்கர ஓட்டம் போட்டிருந்தால் பிரேக் முன் சக்கரத்தையும் பிடித்து நிறுத்தும். குலை ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது அது தேவை. ஈரச் செம்மண் இறக்கத்தில் ஏறும்போது போட்ட கியரிலேயே, நான்கு சக்கர ஓட்டத்தோடு இறங்குங்கள்.

சங்கிலி போட்டவுடன் எங்கும் வழுக்காது என்ற நினைப்பு ஆபத்தானது. ஈரக் கல், சிமெண்டுப் பாலம், இரும்புத் தகடு, கொட்டும் மேடையின் சரிவு, இங்கெல்லாம் சங்கிலி போட்ட சக்கரம் வெறும் ரப்பரைவிட மோசமாக வழுக்கும். இரும்பு அந்தப் பரப்புகளைப் பிடிப்பதில்லை. அவற்றின் மேல் நடை வேகம்தான், அங்கே பிரேக்கைத் திடீரென்று மிதிப்பதும் வேண்டாம்.

புதைந்துவிட்டால், முதலில் டிரெய்லரைக் கழற்றுங்கள் அல்லது குலையை இறக்குங்கள். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, பின்னோக்கி எடுங்கள். முன்னோக்கி வலிந்து எடுக்கும்போது பின் சக்கரம் சங்கிலியால் பிடித்துக்கொண்டு சுற்றாமல் நின்றால், அச்சைச் சுற்றி டிராக்டரே எழும்பும். முன் சக்கரம் தூக்கிய பிறகு, மல்லாக்க விழுவதற்கு முன் கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காமலே போகலாம். சக்கரத்தில் கட்டையைச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டி ஏற்றுவது சில தோட்டங்களில் பழைய வழக்கம். அதனால் வண்டி மல்லாக்க விழும், ஆள் செத்துப்போவார். செய்யவே கூடாது. வேறு வண்டியால் இழுக்கும்போது கயிறு கீழே இருக்கும் இழுவைக் கம்பியில்தான் மாட்டப்பட வேண்டும், மேல் இணைப்பிலோ பாதுகாப்புச் சட்டத்திலோ அல்ல. பாதுகாப்புச் சட்டம் இருந்தால் இருக்கைப் பட்டியும் போட வேண்டும்.

சேற்றில் மட்டை போட்டு ஏற்றுவதானால் முள் இருக்கும் அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இலைப் பகுதியை மட்டும் போடுங்கள். பலகை போட்டால் யாரும் பின்னால் நிற்கக்கூடாது, சங்கிலி அதைக் கொக்கி போட்டு எடுத்து வீசும்.

பிடிப்புக்கு எடையும் உதவும். பனி நாடுகளில் டயருக்குள் உறையாத உப்புக் கரைசல் நிரப்புவார்கள். நமக்கு வெறும் தண்ணீரே போதும், வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம் வரை நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு வரும். மேட்டுச் செம்மண்ணில் இது நன்றாக வேலை செய்யும். பள்ளத்து மண்ணில் கூடுதல் எடை கூடுதல் ஆழம்தான்.

மாதம் பார்த்து

ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குக் காற்றின் வறண்ட காலம். சங்கிலி கொக்கியில் தொங்கட்டும். தேய்ந்த கண்ணிகளைப் பார்க்கவும், சாமான் வாங்கவும் இதுதான் நேரம். நவம்பரில் எல்லாத் தோட்டமும் ஒரே சமயத்தில் கடைக்கு ஓடும்.

செப்டம்பர், அக்டோபரில் குலை வரத்து உச்சத்தில் இருக்கும், மாலை இடிமழையும் ஆரம்பிக்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் தீபாவளிக்கு முன்பாகவே ஒரு காய்ந்த நாளில் மாட்டிப் பார்த்து, இடைவெளி சரிபார்த்து, கழற்றி வைத்துவிடுங்கள். மழையில் நின்றுகொண்டு முதல் தடவை மாட்டுவது எவருக்கும் வேண்டாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களிலும் சங்கிலி நிரந்தரமாகக் கிடக்கத் தேவையில்லை. டயர்ப் பல்லுக்கு நடுவே மண் அப்பி, டயர் வழவழப்பான உருளையாகச் சுற்றும் நாளில் போடுங்கள். மூன்று நாள் வெயில் அடித்துத் தடம் இறுகினால் கழற்றிவிடுங்கள். கெட்டித் தரையில் ஓடிய சங்கிலி சேற்றில் ஓடியதைவிடப் பல மடங்கு வேகமாகத் தேயும், டயரையும் சாலையையும் சேர்த்துத் தின்னும். தார்ச் சாலையைக் கடக்க வேண்டிய தோட்டமென்றால், சங்கிலி வண்டியை உள் தடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, சாலை ஓட்டத்துக்கு வேறு வண்டி விடுங்கள்.

ஒரே தடத்தில் மறுபடி மறுபடி போகாதீர்கள். சக்கரத் தடம் ஒரு சாண் ஆழம் போனால் அந்த நிரைக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, குலையைத் தள்ளுவண்டியில் சாலை ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். தடத்தில் தேங்கும் தண்ணீர் வேரைக் கெடுக்கும், கொசுவையும் வளர்க்கும்.

தைப்பூசம் முடிந்தால் மழை ஓய்ந்தது என்று பிப்ரவரியிலேயே சங்கிலியை மூட்டை கட்டுவது வழக்கம். 2023 மார்ச்சில் குளுவாங், சிகாமட், பத்து பஹாட் எல்லாம் வெள்ளத்தில் நின்றன. மார்ச் கடைசி வரை எட்டும் இடத்தில் வைத்திருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் வெயில், நாலு மணிக்கு இடிமழை என்று போகும். அந்தக் காலத்தில் சங்கிலியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருப்பதைவிட வேலை நேரத்தை மாற்றுவது சுலபம். பள்ளத்து நிரைகளைக் காலையில் முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் மேட்டுக்குப் போங்கள்.

கழுவல், தேய்மானம், சேமிப்பு

மழையைவிட உரம்தான் சங்கிலிக்குப் பெரிய எதிரி. எம்ஓபி என்கிற பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. உரம் போட்ட வண்டியில் சங்கிலி இருந்திருந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். ஒரு வாரம் விட்டால் கண்ணிகளின் சந்தில் துரு அரித்துக்கொண்டு போகும், வெளியே பார்த்தால் தெரியாது.

தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு சுற்று பாருங்கள். உடைந்த ஒரு குறுக்குச் சங்கிலியின் முனை சுழன்று அடித்தால் பிரேக் கம்பியை வளைக்கும், விளக்கை உடைக்கும், ஆளையும் அடிக்கும். இரண்டு குறுக்குச் சங்கிலி, நான்கு ஒட்டுக் கண்ணி, கட்டுக் கம்பி, இடுக்கி, இவை டிராக்டரின் சாமான் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். பக்கச் சுவரில் கறுப்புத் தூள் படிந்திருந்தால் சங்கிலி தளர்ந்து உரசுகிறது என்று அர்த்தம். வெயிலில் வெடித்த பழைய டயரில் அந்த உரசல் சீக்கிரமே நூலைத் தொடும்.

கண்ணியின் கனத்தை மிகவும் தேய்ந்த இடத்தில் அளந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் கண்ணி 6க்கு வந்தால் குறுக்குச் சங்கிலியைக் கழற்றி, தேயாத பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டலாம். 4க்கு வந்தால் தூக்கிப் போடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் வேகமாகத் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் முறுக்கு இருந்திருக்கிறது.

சேமிக்கும் முன் நன்றாகக் கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்து, கியர் எண்ணெயில் முக்கி எடுத்து வடியவிடுங்கள். பழைய எஞ்சின் எண்ணெய் வேண்டாம். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற கழிவு வகை, தரையில் சொட்டவிடக்கூடாத பொருள். அடுத்த தடவை மாட்டுவதற்கு முன் எண்ணெயைத் துணியால் துடைத்துவிடுங்கள், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். உர மூட்டை இல்லாத அறையில், தரையில் போடாமல் ஆணியில் மாட்டுங்கள். இடது, வலது, உள்பக்கம், வெளிப்பக்கம் என்று நான்கு முனைக்கும் வெவ்வேறு நிறப் பெயிண்ட் ஒரு கண்ணியில் பூசி வைத்தால், செப்டம்பரில் மாட்ட வருகிறவர் யாராக இருந்தாலும் கேட்க வேண்டியிருக்காது.